தாரணி சொன்ன ஒரே பெயர்

“அவங்க கூப்பிட்டுக் கேட்டா, நீயும் மிஸ் பேரச் சொல்லிருவியாம்மா?”

என் மகள் தாரணி இதைக் கேட்டபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பிய தோசையையே மறுபடியும் திருப்பினேன். அப்புறம் இன்னொரு தடவை. ஓரமெல்லாம் கருகிப்போன அந்தத் தோசையை அவள் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இன்று வரைக்கும் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

தாரணி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மிஸ் என்பது அவளுடைய வரலாற்று ஆசிரியை சுகந்தி. கூப்பிட்டுக் கேட்கப்போகிறவர் பள்ளியின் உரிமையாளர். எங்கள் பக்கத்தில் கரஸ்பாண்டன்ட் என்போம். அவர் காசிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் என்னை அழைப்பார்கள். அவர் முன்னால் உட்கார்ந்து, சுகந்தி மிஸ்தான் என் பெண்ணின் மனதைக் கெடுத்துவிட்டார் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த அம்மாவுக்கு வேலை இருக்காது. சொல்லாவிட்டால் என் பெண்ணுக்கு அந்தப் பள்ளியில் என்ன இருக்கும் என்று தெரியாது.

போன வாரம் நான் ஸ்கூட்டி பழகிய கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாக எழுதியவர்களுக்கு நன்றி. இந்த வாரம் எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை. இந்தத் தொடரில் எப்போதும் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இந்த முறை மாற்றிய பெயர்களையும் இன்னொரு தடவை மாற்றிவிட்டேன். அவ்வளவு பயம்.

பேசியவர்கள்

நீங்கள் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் லீடர் எழுந்து போய்ப் பலகையின் வலது மூலையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி, கீழே ஒரு கோடு போடுவார். யார் வாயைத் திறந்தாலும் பெயர் அங்கே ஏறும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறார்கள். பள்ளி விட்ட பிறகு மாலையில் ‘ஸ்டடி ஹவர்’ உண்டு. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு லீடர் பலகையருகே நிற்பார். மூன்று பெருக்கல் குறி விழுந்தால் அன்றைக்கே வீட்டுக்குக் குறுஞ்செய்தி போய்விடும்.

தாரணி லீடரானபோது நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். அந்தப் பித்தளை பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவளே நான்தான். அவளுடைய கையெழுத்து அழகு. ‘பேசியவர்கள்’ என்பதையே கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதுவாள் என்று அவள் தோழி ஹரிணி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கேலி செய்தாள்.

“எம்பேர மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுடி. எங்கப்பா கடைக்கு போர்டு வெக்கறதுக்கு மாடல் காட்டறேன்” என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

நாலு வரிப் பாடம்

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு பாதியிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். அப்படித்தான் இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் ஐரோப்பாவில் எழுந்த சர்வாதிகாரிகளின் பாடம் தாரணிக்கு இப்போதே வந்துவிட்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் சீருடையைக்கூட மாற்றவில்லை. பொரி கடலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள்.

“மிஸ் புக்க மூடி வெக்கச் சொல்லிட்டாங்கம்மா. ஒத்த ஆளு இத்தன லட்சம் சனத்தப் புடிச்சு அடைக்க முடியுமா, யோசிங்கன்னாங்க. எந்த ஊட்டுல யாரு இருக்காங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க.”

“ம்.”

“யாருக்குமே தெரியல. அப்பறம் மிஸ்ஸே சொன்னாங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க சொன்னாங்களாம். கடைக்காரரு சொன்னாராம். கூட வேல செய்யறவங்க சொன்னாங்களாம். ஸ்கூல் புள்ளைங்ககூடச் சொல்லுச்சாம்மா. எங்கள மாதிரிப் புள்ளைங்க.”

“சரி, அதெல்லாம் பரீட்சைல வருமா?” என்று கேட்டேன். நான் கேட்டது அதுதான். மறைப்பானேன்.

“வராது” என்றாள். கையிலிருந்த பொரியைத் தின்னாமலேயே டப்பாவில் திருப்பிக் கொட்டினாள்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மிஸ் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தாரணி பலகையின் வலது மூலையைப் பார்த்திருக்கிறாள். முந்தின நாள் அவள் எழுதிய பெயர்கள் அங்கே அழியாமல் இருந்திருக்கின்றன. சுகந்தி மிஸ் அந்த மூலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இதை இரண்டு மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நானும் படித்த பாடம்தான்

அதே பாடத்தை நானும் படித்திருக்கிறேன். நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில். விடிவதற்கு முன்னால் மைதானத்தில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, முன்னும் பின்னும் நடந்துகொண்டே ஒப்பிப்போம். ஒவ்வொருத்தியும் வேறு வேறு பாடம். தூரத்திலிருந்து கேட்டால் தேன்கூட்டுப் பக்கம் நிற்கிற மாதிரி இருக்கும். பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து வருகிற வாடையும் அந்த இரைச்சலும் எனக்கு இன்றைக்கும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன.

சர்வாதிகாரம் எழுந்ததற்கான காரணங்களை வரிசை பிசகாமல் சொல்வேன். பணவீக்கம், வேலையின்மை, போரில் தோற்ற அவமானம். முழு மதிப்பெண் வாங்கினேன். பின்னால் பி.காம். படித்தேன், கல்யாணம் ஆனது, தாரணி பிறந்தாள். அந்தக் காரணங்களில் ஒன்றாக, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்திருப்பார் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அப்படித் தோன்றாமல் இருந்தது நல்லதுதானோ என்றும் இப்போது நினைக்கிறேன். பாடம் பாடமாக இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கினோம்.

காலிப் பலகை

மிஸ் பாடம் நடத்திய மறுநாள் ஸ்டடி ஹவரில் தாரணி கையில் சாக்பீஸோடு நின்றாள். ஒரு பெயரும் எழுதவில்லை. அதற்கு அடுத்த நாளும் எழுதவில்லை. லீடர் எழுதமாட்டாள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சந்தை இரைச்சல். ஒரு பெஞ்சு சரிந்து விழுந்த சத்தத்தில் பிரின்சிபலே வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார். ‘பேசியவர்கள்’ என்று இருந்தது. கோடு இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர், அதே கல்யாணப் பத்திரிகை எழுத்தில்: தாரணி.

அவளைத் தம்முடைய அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார். யார் யார் பேசினார்கள் என்று கேட்டிருக்கிறார். மறுபடி மறுபடி கேட்டும் வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரும் அவள் சொல்லவில்லை.

“சரி, அவங்க பேரெல்லாம் வேண்டாம். இப்படிச் செய்யச் சொல்லி உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போயிரு” என்று கடைசியில் கேட்டிருக்கிறார்.

அவள் சொல்லிவிட்டாள். “சுகந்தி மிஸ் பாடத்துல சொன்னாங்க சார்.”

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டும் குழாய் நிற்கவில்லை. கதவைத் தட்டினேன்.

“யாரு பேரையும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேம்மா” என்றாள் உள்ளிருந்தே. “அவங்க பேரச் சொல்லிட்டேன். அவங்க பேர மட்டும்தாம்மா சொன்னேன்.”

பிரின்சிபல் அறையில்

என்னை அழைத்தபோது நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று தெரியவில்லை. பிரின்சிபல் மோசமானவர் இல்லை. மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

“தாரணி மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. புள்ள தங்கம். சொன்னதக் கேக்கற வயசு, கேட்டுருச்சு. சொன்னவங்க பொறுப்பா சொல்லியிருக்கோணும்ல?”

“மிஸ் போர்டப் பத்தி ஒண்ணும் சொல்லலைன்னு பாப்பா சொல்றாளுங்க சார்.”

“பாடத்த விட்டுட்டுக் கத சொன்னா இப்படித்தானுங்க ஆகும். சோசியல்ல நூத்துக்கு நூறு வாங்கற புள்ளைங்க. போர்ஷன் முடிய வேண்டாமா? ரிசல்ட் கொறஞ்சா நீங்கதான் வந்து எங்களக் கேப்பீங்க.” அவர் சொன்னது பொய்யில்லை. போன வருடம் கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்ததற்கு நான் அந்த அறைக்கே போய்க் கேட்டவள்தான்.

“அந்தம்மாகிட்ட நாங்க சொன்னாப் பிரச்சனையாகும். பேரண்ட் வந்து சொன்னாங்கன்னா சுலபமா முடிஞ்சிரும். ஐயா காசியிலிருந்து வந்ததும் கூப்படறோம். வந்து ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போங்க. அடுத்த மாசம் பத்தாம் வகுப்புக்கு செக்‌ஷன் பிரிக்கறோம். தாரணிய எதுல போடறதுன்னு அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

“ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றேனுங்க சார்” என்றேன். மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அதைக் குடித்திருக்க வேண்டாமோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

வீட்டில் கேட்டேன்

என் கணவர் சொந்த லாரி ஓட்டுகிறார். அன்று நாக்பூருக்கு அந்தப் பக்கம் இருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார்.

“எங்க வாத்தியாரு தூங்கிட்டே பாடம் நடத்துவாரு. ஊருக்கு ஒரு சேதாரமும் வல்ல. முழிச்சிருந்து நடத்துனா இதான் ஆகும்போல.”

“ஏனுங்க, வெளையாடாதீங்க. நான் என்ன சொல்லட்டும்?”

“அந்த மிஸ்ஸுக்கு வேற பள்ளிக்கூடம் கெடச்சிரும் புள்ள. நம்மளுக்குப் பத்தாவது பாடத்துக்கு நடுவுல எவன் சீட்டுக் குடுப்பான்? பேசாம சொல்லிப்போட்டு வந்துரு.” பிறகு அவராகவே கேட்டார்: “அந்தம்மாவுக்கு எந்த ஊரு?”

“ஆத்தூருப் பக்கமுங்க. ஒரு கொழந்த இருக்குது.”

“ஏன் அதையெல்லாம் எங்கிட்டச் சொல்ற?” என்று போனை வைத்துவிட்டார்.

என் மாமனாரைத் தாரணி அப்பாரு என்று கூப்பிடுவாள். இளம் வயதில் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர். தாரணியின் பாடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“இங்கயுந்தான் எமர்ஜென்சி வந்துச்சு. என்ன கெட்டுப்போச்சு? பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சு. தாலுக்கா ஆபீசுல பத்து மணிக்கெல்லாம் அவனவன் சேருல உக்காந்திருந்தான். கடையில வெல போர்டு தொங்குச்சு. எல்லாப் பயலும் வாயப் பொத்திட்டு வேலயப் பாத்தான்.”

“யாருமே எதுத்துப் பேசலையாங்க அப்பாரு?” என்று தாரணி கேட்டாள்.

“பேசாம என்ன சாமி? பேசுனாங்க. நம்ம புக்கிங் ஆபீசு முன்னால டீக்கடையில ஒருத்தரு, நூல் யாவாரி. பேப்பர சத்தமாப் படிச்சு நல்லா வெளக்கஞ் சொல்லுவாரு. ஒருநா ஜீப்பு வந்துச்சு. மிசாவுல புடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்தாளு டீக்கடப் பக்கமே வல்ல.”

“அவரு பேசறாருன்னு ஜீப்புக்காரங்களுக்கு யாரு சொன்னது?”

மாமனார் ரிமோட்டைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. “யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அங்க டீ குடிச்சதே ஏழெட்டுப் பேருதான்” என்றார். சத்தத்தை மறுபடி கூட்டினார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடப் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் காபியை வாங்கிக்கொண்டே சொன்னார்: “அம்மிணி, அந்தக் கரஸ்பாண்டன்ட்டு மொதல்ல ரெண்டு லாரி வெச்சிருந்த ஆளுதான். எனக்குப் பழக்கம். நான் வேணா வந்து பேசட்டா?”

“என்னன்னு பேசுவீங்க மாமா?”

காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “அதான் தெரியல” என்றார்.

ஹரிணி தும்மினாள்

ஒரு நாள் சடை பின்னும்போது தாரணி சொன்னாள். முகம் எனக்குத் தெரியாதபடி உட்கார்ந்திருந்ததால் சொன்னாளோ என்னவோ.

“அன்னிக்கு ஹரிணி பேசவே இல்லம்மா. தும்முனா. எல்லாரும் சிரிச்சாங்க. போர்டு காலியா இருந்தா ஸ்டடி ஹவர் பாக்க வர்ற சார் நம்ப மாட்டாரு. லீடரும் சேந்து பேசுனேன்னு சொல்லுவாரு. யாரு பேராச்சும் இருக்கணும். அவதான் கோவிச்சுக்க மாட்டாள்னு அவ பேர எழுதினேன். அப்பறம் சிரிச்சிட்டே இருந்தாளா, மூணு எக்ஸ் ஆயிருச்சு. ஊட்டுக்கு மெசேஜ் போயிருச்சு.”

“அப்பறம்?”

“அடுத்த நாளு அவ கன்னத்துல கைய வெச்சுட்டே இருந்தா. மிஸ் பாடம் நடத்துனது அன்னிக்குத்தான்.”

ரிப்பனை எத்தனை முறை கட்டியும் எனக்கு முடிச்சு சரியாக விழவில்லை. அந்தப் பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்த விரல்கள்தானே இவை.

சந்தையில் ஒரு நிமிடம்

வாரச் சந்தையில் தக்காளிக்காரரிடம் சுகந்தி மிஸ் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் குழந்தை. நான் தலையைக் குனிந்து வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்கத் தொடங்கினேன். அவரே வந்தார்.

“தாரணி அம்மாதான நீங்க? பொண்ணு எப்படி இருக்கா? என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கிறா. அப்படியெல்லாம் வேணாம்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல.”

“உங்க பேரச் சொல்லிட்டாள்னு ரொம்ப அழுகறாளுங்க மிஸ்.”

“அந்த ரூம்ல தனியா நிக்க வெச்சுக் கேட்டா நானே எம்பேரச் சொல்லியிருப்பேன்” என்று சிரித்தார். குழந்தை அவர் தாலிச் சரடை இழுத்து வாயில் வைத்தது. அதை எடுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: “புக்ல இருக்கறத மட்டும் நடத்துங்கன்னு சொல்லிட்டாங்க. புக்ல இருக்கறதத்தாங்க நடத்துனேன். நாலு வரி இருந்துச்சு. அந்த நாலு வரிக்குள்ள எத்தன பேரு செத்திருக்காங்க. அதை ஒரு மார்க் கேள்வியா மட்டும் சொல்லிட்டு எப்படிங்க அடுத்த பக்கம் திருப்புறது?”

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் கோபப்பட்டிருப்பேன், மனதும் லேசாகியிருக்கும். “வர்றேங்க, வெயில்ல நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாத்திரம் துலக்கும்போது

பாத்திரம் துலக்கும்போது நான் வாக்கியங்களை ஒப்பித்துப் பார்க்கிறேன். விடுதியில் பழகிய பழக்கம்.

“மிஸ் பாடம்தானுங்க நடத்துனாங்க. வேற ஒண்ணும் சொல்லலைங்க.” இதுதான் உண்மை. ஆனால் சொல்லிவிட்டு வெளியே வரும்போது என் பெண் எந்த செக்‌ஷனில் இருப்பாள்? அங்கே அவளை யார் எப்படிப் பார்ப்பார்கள்? நான் ஒரு நிமிடம் நிமிர்ந்து பேசிவிட்டு வந்துவிடுவேன். அவள் அங்கே இன்னும் ஒன்றரை வருடம் உட்கார வேண்டும். அவளுடைய பத்தாம் வகுப்பை வைத்து நான் நல்லவளாக வேண்டுமா?

“ஆமாங்க, மிஸ்தான் காரணம்.” இதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மாமனார், “யாருகூட அம்மிணி பேசற?” என்று கேட்டார்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. “எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க.” எல்லாவற்றிலும் சுலபமானது இதுதான். யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த டீக்கடை நினைவுக்கு வந்தது. அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்தான் போய்ச் சொல்லியிருப்பார். மற்றவர்கள் எல்லாரும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்.

இப்படியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். காலையில் வேண்டும் என்று தோன்றுகிறது. அவளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. பேட்ஜை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அது குத்தியிருந்த இடத்தில் சட்டையில் இரண்டு சிறிய ஓட்டைகள் இருக்கின்றன. இஸ்திரி போடும்போதெல்லாம் கை அங்கேதான் நிற்கிறது.

நேற்று மாலை தாரணி மறுபடியும் கேட்டாள். “கரஸ்பாண்டன்ட் வந்துட்டாராம்மா?”

“இல்ல சாமி.”

“வந்தா நீ என்ன சொல்லுவேன்னு எனக்கு முன்னாலயே சொல்லிரும்மா. நான் மிஸ் கிளாஸ்ல உக்காரணும்ல.”

போன் மேசைமேல் இருக்கிறது. அது அதிர்ந்தால் கேஸ் சிலிண்டர்காரரின் செய்தியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் என்னை அழைத்துவிடவும் கூடும். அழைக்காவிட்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கும். உங்களில் பலர் ஆசிரியர்களாக இருப்பீர்கள். பலர் பத்தாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதைவிட, வீட்டுக்கு வந்து உங்கள் பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் செய்ய நினைப்பது சரி என்று தேற்றி எழுத வேண்டாம். என்ன செய்ய நினைக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்பதை மட்டும் இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள் பெயரைப் போட வேண்டியதில்லை.